பட்டிப்பொலவில் ஒரு மழைநாள்

பல நாள் கடலில் மிதந்து செல்லும் உல்லாசக் கப்பல் ஒன்று காலையில் ஒரு துறையை அடைகிறது. மாலையில் அது மீண்டும் புறப்பட்டுவிடும். இடையிலே பயணிக்குக் கிடைப்பது ஒரு பகற்பொழுது. அந்தப் பகல் முழுவதும் மழை பெய்தால் அவர் என் செய்வார்? பணப்பை கனத்தவர் வாடகை ஊர்தியில் ஏறிக் கண்ணாடிக்கு உள்ளிருந்தபடியே ஊரைச் சுற்றி வருவார். பணப்பை மெலிந்தவருக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, கப்பலிலேயே முடங்கிக் கிடப்பது; மற்றொன்று, குடையை விரித்துக்கொண்டு இறங்கி நடப்பது. அவ்வாறு இறங்கி நடந்தவரே பெரும்பாலும் ஊரை உண்மையாகக் கண்டவராவார்.

நோர்வே நாட்டின் மேற்குக் கரையிலே, உயர்ந்த மலைகளுக்கிடையே கடல் நெடுந்தூரம் உட்புகுந்து நிற்கும் இடங்களைப் பியோர்டு என்பர். பண்டைக் காலத்துப் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளிலே கடல்நீர் நிறைந்தமையால் உண்டானவை அவை. அவற்றைக் காண்பதற்கு ஆண்டுதோறும் கப்பல்கள் பல செல்கின்றன. அக்கரையின் பெருநகரமாகிய பேர்கனிலே ஆண்டுக்கு 2,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. வெயிலை நம்பி அங்கே செல்பவர் ஏமாற்றமே அடைவார். விலைவாசியோ மிக உயர்ந்தது. ஆயினும் சிக்கனமான பயணிக்கு அந்நாடு கதவை அடைத்துவிடவில்லை. பேர்கன் நகருக்கு மேலே நிற்கும் புளோயன் குன்றின் உச்சிக்கு 1918ஆம் ஆண்டு முதல் கம்பிவட இரயில் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் உண்டு; அதே குன்றிலே நடந்து ஏறுவதற்குக் கட்டணம் இல்லை. பயிரிடப்படாத காட்டிலும் மலையிலும் எவரும் நடந்து செல்லலாம் என்பதை 1957ஆம் ஆண்டு அந்நாட்டார் சட்டமாகவே இயற்றி வைத்தனர். மழையையும் நடையையும் சேர்த்தே அனுபவிக்கப் பழகிய மக்கள் அவர்கள்.

இலங்கையிலே அத்தகைய கடற்கழிகள் இல்லை. எனினும், கரையிறங்கும் நாளின் சுவையை ஒத்த சுவை ஒன்று இங்கும் உண்டு. கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் மலைநாட்டு இருப்புப்பாதையிலே ஊர்ந்து செல்லும் வண்டியைக் கப்பலாகக் கொண்டால், வழியிலுள்ள சிறு நிலையங்கள் யாவும் துறைகளே. ஒரு வண்டியில் வந்து இறங்கி, மற்றொரு வண்டி வரும் வரையில் ஊரைப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். அத்துறைகள் எல்லாவற்றிலும் மிக உயர்ந்தது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில் நிற்கும் இந்நிலையமே இலங்கையின் புகையிரத நிலையங்களுள் எல்லாவற்றினும் உயரமானது. இதைக் கடந்து சிறிது தூரத்திலே, சுமார் 1,898 மீற்றர் உயரத்தில், பாதை தன் உச்சியைத் தொடுகிறது. அதன் பின்னர் ஊவா நாட்டை நோக்கி இறங்கத் தொடங்குகிறது.

இந்தப் பாதையின் வரலாறு மலைநாட்டின் வரலாறேயாகும். 1864ஆம் ஆண்டு இறுதியிலே கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும் அடைந்த பாதை, 1924இல் பதுளையிலே முடிவுற்றது. மலையிலே விளைந்த கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டுவரும் பொருட்டே இது தொடங்கப்பட்டது. 1869ஆம் ஆண்டளவிலே கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. பாதை நானுஓயாவை எட்டிய காலத்திலே கோப்பி வீழ்ந்து, தேயிலை தலையெடுத்திருந்தது. கோப்பிக்காகப் புறப்பட்ட வண்டி, தேயிலையை ஏற்றிக்கொண்டு திரும்பியது எனலாம். ஐந்தரை அடி அகலமுள்ள பெரும்பாதையை, நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி வீதம் உயரும் ஏற்றத்திலே, வளைவுகளும் சுரங்கங்களுமாக இவ்வளவு உயரத்திற்குக் கொண்டு சென்றமை பெருஞ்சாதனை. அதற்காக மலையைக் குடைந்தும் மண் சுமந்தும் வியர்வை சிந்தியவர்களுட் பலர் தமிழகத்திலிருந்து வந்த கூலியாட்கள். அவர்களது பெயர்கள் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை.

சிக்கனப் பயணிக்கு இப்பாதையிலே முதல் நன்மை மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டு. குளிரூட்டிய பெட்டியிலே இருக்கை ஒதுக்கிச் செல்பவர் கொடுப்பதில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். வெயில் நாளிலே உயர்ந்த வகுப்பின் அகன்ற கண்ணாடிக்கு மதிப்பு உண்டு. மழை நாளிலோ அக்கண்ணாடியில் நீராவி படிந்துவிடும். மூன்றாம் வகுப்பிலே சன்னலைச் சற்றே திறந்து வைத்திருப்பவர் முகத்தில் சாரல் படும். ஆனால் மலை கண்ணுக்குத் தெரியும். மலைநாட்டு மக்கள் வழக்கிலே இவ்வண்டிக்குக் 'கோச்சி' என்று பெயர். கோச்சியின் மூன்றாம் வகுப்பிலே காய்கறி மூட்டையோடு செல்லும் விவசாயியும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், வடைக் கூடையோடு ஏறி இறங்கும் வியாபாரியும் ஒருங்கே காணப்படுவர். அவர்களோடு நான்கு வார்த்தை பேசினாலே, எந்த ஊரில் மழை எத்தனை நாளாகப் பெய்கிறது, கறட் என்ன விலை போகிறது, திரும்பும் வண்டி தாமதமாகுமா என்ற செய்திகளெல்லாம் செலவின்றிக் கிடைத்துவிடும்.

நானுஓயா வரையில் இருமருங்கும் தேயிலையே பச்சைக் கம்பளம் விரித்திருக்கும். அதற்கு மேலே செல்லச் செல்லத் தேயிலை அருகி, ஊசியிலை மரங்களும் காடும் புல்வெளியும் தோன்றும். அம்பேவெலவின் பால்பண்ணை மேய்ச்சல் நிலங்களைக் கடந்ததும் அடுத்த நிலையம் பட்டிப்பொல. அங்கே இறங்கியவுடன் முதலிற் பிடித்துக்கொள்வது குளிர். நண்பகலிலும் மூச்சுக்காற்று புகையாகத் தெரியும். ஊர் சிறியது. லீக்ஸ், கறட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவை விளையும் பாத்திகளும், அவற்றிற்கு அப்பால் முகில் மூடிய காடும் கண்ணுக்குப் புலப்படும்.

இவ்வூருக்கு வரும் வெளியூரார் பெரும்பாலோர் இதனை ஒரு வாயிலாகவே கருதுகின்றனர். இங்கிருந்து மேலே செல்லும் வீதிதான் ஹோர்ட்டன் சமவெளிக்கு இட்டுச் செல்கிறது. சிங்களத்திலே மகா எலிய எனப்படும் அச்சமவெளி 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் விளிம்பிலுள்ள உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையைக் காணவே பலரும் விரைகின்றனர். ஆனால் மழை நாளிலே அங்கே தெரிவது வெண்மையான முகில் ஒன்றுதான். தெளிந்த நாளிற்கூட முற்பகல் கழிந்தால் பள்ளத்தாக்கை முகில் மூடிவிடுவது வழக்கம். வாடகை ஊர்தியும் நுழைவுக் கட்டணமும் கொடுத்து முகிலைப் பார்ப்பதிலும், பட்டிப்பொலவிலேயே நின்று அதே முகிலைச் செலவின்றிப் பார்ப்பது நன்று. தொலைவில் உள்ளது மறையும்போது அருகில் உள்ளது துலங்கும். மழை நாளின் தனிச் சிறப்பு அதுவே.

அருகில் என்ன உண்டு? ஊரோரத்து வீதியிலே அரைமணி நேரம் மெல்ல நடந்தால் போதும். அங்குள்ள மரங்கள் நெடிது உயர்வதில்லை. காற்றுக்கு வளைந்து கொடுத்துக் குறுகி நிற்கும். கிளைகளெங்கும் பாசியும் தாடிபோலத் தொங்கும் செடிவகைகளும் படர்ந்திருக்கும். மழை ஓய்ந்த பின்னரும் அம்மரங்களின் அடியிலே துளி சொட்டிக்கொண்டேயிருக்கும். தவழ்ந்து வரும் முகிலின் நுண்திவலைகளை இலையும் பாசியும் பிடித்து, துளியாகத் திரட்டி, மண்ணுக்குக் கொடுக்கின்றன. மழைமானியிலே பதிவாகாத மழை இது. இவ்வாறு சேர்ந்த நீரே சமவெளியின் ஓடைகளாகி, மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஊட்டமளிக்கிறது. திருகோணமலைப் பக்கத்து வயலுக்கும், கொழும்பு நகரின் குழாய்க்கும், தெற்குக் கரையின் நெல்லுக்கும் செல்லும் நீரின் ஒரு பகுதி இந்த முகிற்காட்டிலே பிறந்தது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இளங்கோவடிகள் தம் காப்பியத்தின் தொடக்கத்தில் திங்களையும் ஞாயிற்றையும் போற்றிய கையோடு மழையையும் போற்றினார். அவற்றைப் பள்ளியிலே படித்தவர்கள், அதன் பொருளை இந்த மரங்களின் அடியிலே நனைந்துகொண்டு உணரலாம்.

நனைந்தவருக்கு அடுத்த தேவை சூடான தேநீர். வீதியோரத்துச் சிறு கடையிலே, ஒரு துண்டுக் கருப்பட்டியோடு வெறுந்தேநீர் கிடைக்கும். தோட்டப்புறத்திலே இதனைச் சாயத்தண்ணி என்பர். பசித்தவருக்குத் தேங்காய்ச் சம்பலோடு ரொட்டி உண்டு. "உள்ளே வந்து உட்காருங்க தம்பி, மழை விடட்டும்" என்று கடைக்கார அம்மா சொல்லும்போது, அந்த அடுப்பங்கரைச் சூட்டிற்குத் தனி விலை கேட்கப்படுவதில்லை. பெரிய விடுதியொன்றிலே ஒரு கோப்பைத் தேநீருக்குக் கொடுக்கும் பணத்திலே இங்கே இருவர் வயிறார உண்டு எழலாம். இதில் மற்றொரு நியாயமும் இருக்கிறது. அந்தச் சில ரூபா நேரே அவ்வூரார் கைக்கே போய்ச் சேர்கிறது. சிக்கனம் என்பது கொடுக்காமலிருப்பது அன்று. கொடுப்பது யாரைச் சேர்கிறது என்று அறிந்து கொடுப்பதே.

இனி, பட்டிப்பொலவின் மழைநாளில் தலையாய காட்சி ஒன்று உண்டு. அதற்கு வேண்டியது அடுத்த நிலையமாகிய ஒஹியாவுக்கு ஒரு மூன்றாம் வகுப்புச் சீட்டு. பட்டிப்பொலவை விட்டு வண்டி புறப்பட்டதும் பாதையின் உச்சி வருகிறது. உச்சியை அடுத்துச் சுரங்கம். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலிலிருந்து அள்ளி வந்த ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவிலே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று வறண்டு, சூடேறி, விரைந்து வீசுகிறது. கீழ்மாகாணத்தார் கச்சான் என்று அழைப்பதும் இக்காற்றையே. ஆகவே அம்மாதங்களிலே, மழையும் முகிலுமாகச் சுரங்கத்தினுள் நுழையும் வண்டி, மறுபுறம் வெளிவரும்போது வெயில் தவழும் ஊவா மலைத்தொடர்களின் முன்னே போய் நிற்பதுண்டு. மார்கழி, தை மாதங்களிலே வடகீழ்க் காற்று வீசும்போது நிலைமை மாறும்; அப்போது மழை ஊவாவினுடையது, தெளிவு மேற்கினுடையது. நாள்தோறும் இப்படியே நிகழும் என்று உறுதி கூற இயலாது. நிகழும் நாளிலே, ஒரு நிலையத்துச் சீட்டின் விலைக்கு ஒரு பருவகாலத்தையே கடந்துவிடலாம்.

இந்த வேறுபாடு கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. இதிலே பொருளாதாரமும் அடங்கியிருக்கிறது. வறண்ட காற்று வீசும் காலத்திலே தேயிலைக் கொழுந்து மெதுவாக வளர்ந்து, மணம் மிகுகிறது. ஆடி, ஆவணி மாதங்களிலே ஊவாத் தேயிலையும், தை, மாசியிலே டிம்புள்ளத் தேயிலையும் சந்தையிலே உயர்ந்த மதிப்புப் பெறுவதன் காரணம் இதுவே. ஒரே மலையின் இரு பக்கங்களும் ஆண்டிலே மாறி மாறித் தத்தம் சிறந்த கொழுந்தைத் தருகின்றன. அவற்றிற்கிடையே நிற்கும் சுவரிலே குடைந்த துவாரம்தான் பட்டிப்பொலச் சுரங்கம்.

ஆனால் மழையைப் பற்றிப் பேசும்போது, அதனைப் பொழுதுபோக்காகக் கொள்ள இயலாதவர்களை மறந்துவிடலாகாது. வண்டியின் சன்னல் வழியே, தேயிலைச் சரிவிலே வரிசையாக நின்று கொழுந்து பறிக்கும் பெண்களைக் காணலாம். காலையிலே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தவர்கள், தூறல் கண்டு வீடு திரும்புவதில்லை. முற்காலத்திலே கறுப்புக் கம்பளியைத் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொண்டனர்; பிற்காலத்திலே பொலித்தீன் தாள் வந்தது. இடுப்பிலே படங்கு, முதுகிலே கூடை. நனைந்த கொழுந்து கனக்கும். ஆனால் அந்தக் கனம் கூலியாகாது, நிறுக்கும்போது நீருக்கென்று ஒரு பங்கு கழிக்கப்படும். குறித்த நிறை சேராவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகி, நாட்கூலி பாதியாகும் வழக்கமும் தோட்டங்களிலே இருந்து வந்தது. நாட்கூலி 1,000 ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் ஒலித்து, 2021ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. பயணிக்கு மழையால் இழப்பது ஒரு காட்சி. இவர்களுக்கோ மழையால் இழப்பது அன்றைய அடுப்பெரிவதற்கான காசு.

அவர்களைக் கண்டதும் படம் பிடிக்கத் துடிக்கும் கைகள் பல உண்டு. மழையிலே வேலை செய்பவரைக் கேளாமல் படம் பிடிப்பது, பிறர் வீட்டுச் சமையலறையிலே எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். "அக்கா, படம் எடுக்கலாமா?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. அவர் வேண்டாமென்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவதே பண்பு.

மழைக்கு மற்றொரு முகமும் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து, லயங்களை மண்மூடிப் புதைத்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே வீசிய டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதிலே மலைநாட்டின் துயரம் பெரிது. இந்த இருப்புப்பாதையும் பல இடங்களிலே மண்சரிவாலும் வெள்ளத்தாலும் சிதைந்தது. சரிவுகளின் விளிம்பிலே, நூறாண்டுப் பழமையான லயங்களிலே வாழும் மக்களுக்கு, இரவு முழுவதும் கூரையில் விழும் மழையின் ஓசை தாலாட்டன்று. பாதுகாப்பான நிலமும் தனி வீடும் அவர்களுக்கு வேண்டுமென்ற கோரிக்கையின் பொருளை, மலையிலே ஒரு மழைநாளைக் கழித்தவர் எவரும் எளிதிலே உணர்வர்.

ஆதலால் இங்கு வருபவர் சில முன்னெச்சரிக்கைகளை மேற்கொள்ளல் வேண்டும். வண்டி எதுவரை ஓடுகிறது, திரும்பும் வண்டி எப்போது என்பவற்றைப் புறப்படுமுன்னரே நிலையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். வண்டி இல்லாத நாளிலே நுவரெலியாவிலிருந்து வீதி வழியாக வரலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் அன்றைய பயணத்தைத் தள்ளிப் போடுவதே அறிவு. நிலத்திலே புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அவ்விடத்தை விட்டு உடனே நீங்க வேண்டும். தண்டவாளத்தின் மீதும் சுரங்கத்தினுள்ளும் நடந்து செல்வது ஒருபோதும் கூடாது. மழை இரைச்சலிலும் முகிலிலும் வண்டி வருவது தெரியாது. ஒரு படத்திற்காக உயிரை இழந்தோர் இப்பாதையிலே உண்டு. கையிலே ஒரு குடை, ஒரு தடித்த கம்பளிச் சட்டை, பொலித்தீன் பையிலே சுற்றிய மாற்றுக் காலுறை, சில்லறைக் காசு ஆகிய இவ்வளவே இந்நாளுக்குப் போதிய மூட்டை.

பயணத்தின் பயன் கண்ட இடங்களின் எண்ணிக்கையிலே இல்லை. வெயில் நாளிலே உச்சிக்குச் சென்று தொலைவைப் பார்த்தவர் ஒரு நிலப்படத்தைப் பார்த்தவராவார். மழை நாளிலே பட்டிப்பொலவில் இறங்கி, முகில் துளியாவதையும், துளி ஓடையாவதையும், அந்த ஓடையின் அயலிலே மனிதர் நனைந்துகொண்டு உழைப்பதையும் பார்த்தவர், அந்த நிலப்படத்தின் பொருளை அறிந்தவராவார். அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு மூன்றாம் வகுப்புச் சீட்டும், ஒரு கோப்பைச் சாயத்தண்ணியும், மழையை வையாத மனமும் போதும்.